தொண்ணூறு லிட்டர் பலகை

மார்ச் 4

மருமகளே,

இப்படிக் கூப்பிடலாமான்னு தெரியல. மொதல்ல எழுதுனேன், அப்புறம் அடிச்சேன், அப்புறம் காகிதம் வீணாப் போகுதேன்னு வேற காகிதத்துல மறுபடியும் அதையே எழுதிட்டேன். கோர்ட்டுல குடுத்த காகிதத்துல உனக்கும் என் பையனுக்கும் இனிமே ஒண்ணும் இல்லன்னு போட்டு பதினாலு மாசம் ஆச்சு. எனக்கு நீ என்ன ஆவேன்னு அதுல ஒரு வரியும் இல்ல. ரெண்டு தடவ தேடிப் பாத்துட்டேன்.

உன் நம்பர் மாறிடுச்சு. விலாசம் எப்படிக் கெடச்சுதுன்னு கேப்ப. பல்லு கட்டப் போன எடத்துல லிஃப்டுக்குள்ள, அதச் சோதிச்சுப் பாத்தாச்சுன்னு ஒரு சர்ட்டிபிகேட் ஒட்டியிருக்கு. கீழ உன் கையெழுத்து. அதுக்குங்கீழ பொடி எழுத்துல உங்க தலைமை ஆபீஸ் விலாசம். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுக்குள்ள மாடி வந்துடுது. மூணு தடவ ஏறி எறங்கி எழுதுனேன். நாலாவது தடவ வாட்ச்மேன் புடிச்சுட்டான். "பெரியவரே, எந்த மாடிக்குப் போகணும்?"னான். "எங்கயும் இல்ல தம்பி, என் மருமக வேலைய ஒழுங்கா செஞ்சிருக்காளான்னு பாக்குறேன்"னேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். நீ போகும்போது ஏரியில ஓட்டுற உன் சாமானையெல்லாம் எடுத்துட்டுப் போயிட்ட, அது நியாயம்தான். இப்போ எனக்குன்னு சொந்தமா ஒரு செட்டு வாங்கணும். தெருவுல கேக்குறவங்ககிட்ட நான் இப்படித்தான் சொல்றேன்: ஒரு பலகை, அதுக்கு அடியில தண்ணிக்குள்ள ஒரு கம்பம், கம்பத்து நுனியில குட்டி ஏரோப்ளேன். கையில காத்தடிச்ச ரெக்கை ஒண்ணு. காத்து ரெக்கையத் தள்ளும், ஏரோப்ளேன் தண்ணிக்குள்ள பறக்கும், பலகை தண்ணிய விட்டு மேல வந்துடும், அதுமேல நிக்கிற கெழவனுக்குத் தன் வயசு அறுபத்தாறுங்கிறது மறந்துடும்.

இப்போ நான் கத்துக்குட்டி இல்ல. கிளப்பு சாமான வச்சு வாரத்துக்கு ரெண்டு நாள் போறேன். கால் நனையாம ரெண்டு பக்கமும் திரும்புவேன். எடை எழுபத்திரண்டு. பல்லு டாக்டரும் நம்ம ஏரிக்கு வராரே, அவரு "சின்னப் பலகையா வாங்குங்க, அப்பத்தான் முன்னேறுவீங்க"ங்குறாரு. வாயத் தொறந்துட்டு உக்காந்திருந்தேன், பதில் சொல்ல முடியல. அதனால உன்னக் கேக்குறேன். பலகை எவ்வளவு, கம்பமும் ஏரோப்ளேனும் எவ்வளவு, ரெக்கை எவ்வளவு.

உங்க அத்தை கேக்கச் சொன்னா, ஒழுங்கா சாப்பிடுறியான்னு.

இப்படிக்கு
சிமெண்டு கலக்குற வண்டி டிரைவர் (ஓய்வு)

*

மார்ச் 19

வணக்கம்.

உங்கள் கடிதம் அலுவலக முகவரிக்கு வந்ததால் தபால் பிரிக்கிறவர் அதைத் திறந்துவிட்டார். "மேடம், யாரோ பெரியவர் லிஃப்ட்ல மூணு தடவ ஏறி எறங்கியிருக்காரு, இத எந்தப் புகார்ல சேக்குறது?" என்று கேட்டார். இனி எழுதுவதானால் உறையின் மேல் 'சொந்தம்' என்று எழுதவும். எழுதத்தான் வேண்டுமா என்பதையும் யோசித்துக்கொள்ளவும். எனக்கு யார் மீதும் கோபம் இல்லை. ஆனால் பழைய வீட்டைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம், குறிப்பாக உங்கள் மகனைப் பற்றி.

கேட்டதற்குப் பதில். பலகை தொண்ணூறு லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோவை மிதக்க வைக்கும். அதற்குக் கீழே போக வேண்டாம். டாக்டர் எழுபது லிட்டரில் நிற்கிறார் என்றால் அவர் உடம்பு அப்படி. கம்பத்தை மாஸ்ட் என்று கேளுங்கள், எண்பது சென்டிமீட்டர் போதும். நீங்கள் ஏரோப்ளேன் என்று சொல்வது ஃபாயில். அதன் முன் இறக்கை ஆயிரத்து நானூறு சதுர சென்டிமீட்டர் இருக்கட்டும். நீண்டு மெலிந்ததாகக் காட்டினால் வாங்காதீர்கள். அது வேகமாகப் போகும், வேகம் குறைந்தால் சொல்லாமல் கொள்ளாமல் கீழே போடும். கையில் பிடிக்கும் ரெக்கையின் பெயர் விங், அது ஐந்தரை சதுர மீட்டர். அந்த ஏரியின் காற்றுக்கு அது ஒன்றே போதும், இரண்டாவது வாங்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

பழையது வாங்கினால் எல்லாத் திருகையும் உங்கள் கையால் கழற்றிப் பாருங்கள். கழலாத திருகு இருந்தால் அந்த ஆள் சாமானைக் கழுவித் துடைத்து வைக்காதவர். விங்கில் காற்றடித்துவிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். பிறகு அமுக்கிப் பாருங்கள்.

இதெல்லாம் நீங்கள் எழுதியிருப்பது உண்மை என்ற அடிப்படையில்.

சாப்பிடுகிறேன் என்று அத்தையிடம் சொல்லவும்.

*

ஏப்ரல் 3

அம்மாடி,

உறை மேல 'சொந்தம்'னு எவ்வளவு பெருசா எழுதியிருக்கேன் பாத்தியா. ஸ்டாம்பு ஒட்ட எடமில்லாம பின்னாடி ஒட்டுனேன்.

உன் லெட்டர உங்க அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். அவ மட்டும் அத்தையாம், எனக்கு வெறும் வணக்கமாம். ரெண்டு நாளா வீட்டுல அவ நடையே வேற மாதிரி இருக்கு.

கடைக்குப் போனேன். கடைக்காரன் காதுல கடுக்கன் போட்ட பையன், நல்ல பையன்தான். "பேரனுக்கா பெரியவரே?"ன்னான். "இல்ல, எங்கப்பாவுக்கு"ன்னேன். அவன் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பாத்துட்டு சிரிச்சான். அப்புறம் செவுத்துல தொங்குற ஃபாயில்ல நல்லா நீட்டமா, ஒல்லியா ஒண்ண எறக்கினான்.

"இது கத்தி மாதிரி போகும்."

"நான் என்ன காய் நறுக்கவா போறேன்? எங்க இன்ஸ்பெக்டரம்மா நீண்டு மெலிஞ்சது வேணாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

லெட்டர வாங்கிப் படிச்சான். படிச்சிட்டு மரியாதையா குடுத்தான். "யாருங்க இவங்க? கடைக்காரன் எதச் சொல்லி விப்பான்னு தெரிஞ்சு எழுதியிருக்காங்க"ன்னான். "என் மருமக"ன்னேன். வேற என்ன சொல்றது, அவன்கிட்டப் போயி கோர்ட்டு காகிதத்த விளக்கவா முடியும்.

அப்புறம்தான் வெனை. "எடை எழுபத்திரண்டுன்னா எண்பது லிட்டரே போதுமே, இவங்க ஏன் தொண்ணூறு போட்டிருக்காங்க?"ன்னு கேட்டுட்டு, பார்சல் நிறுக்குற மெஷின் மேல என்னை ஏத்திட்டான். எண்பத்திநாலு காட்டுது. மெஷின் ரிப்பேர்னேன். அவன் ஏறி நின்னான், எறங்கினான், லெட்டர்ல இருந்த தொண்ணூற விரலால தொட்டுக் காட்டினான்.

நீ எழுபத்திரண்ட நம்பவே இல்ல. நம்பாம, அதச் சொல்லிக் காட்டாம, பன்னண்டு கிலோவ நீயே சேத்துப் போட்டிருக்க. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல எனக்குள்ளயே சிரிச்சுட்டு வந்தேன். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா எடம் மாறி உக்காந்துட்டாங்க.

பலகை பழசு, பின்தெரு தபால்காரம்மாகிட்ட வாங்கினது. திருகு ஒவ்வொண்ணும் வெண்ணெய் மாதிரி கழண்டுது. ஃபாயிலும் விங்கும் கடையில. ஒரு மணி நேரம் உக்காந்து அமுக்கிப் பாத்துத்தான் வாங்கினேன். கடைக்காரன் ரெண்டு தடவ டீ குடுத்தான், மூணாவது தடவ கடைய சாத்தணும்னான்.

ரொம்ப நன்றிம்மா. இது கிண்டல் இல்ல.

*

ஏப்ரல் 16

வணக்கம்.

அலுவலகத்தில் உட்கார்ந்து சிரித்ததில் எதிர் மேசைக்காரி எழுந்து வந்துவிட்டாள்.

எடை விஷயத்தில் உங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். லிஃப்டில் எட்டு பேர் என்று எழுதியிருக்கும். ஏறுகிற எட்டு பேரும் தன்னை விட்டுவிட்டு மற்ற ஏழு பேரும் குண்டு என்று நினைப்பார்கள். அதனால்தான் எழுதியிருப்பதற்கு மேல் கால் பங்கு இரும்புக் கட்டி ஏற்றி நாங்கள் சோதித்துப் பார்க்கிறோம். எல்லாம் பழக்கம்தான்.

முதல் நாள் காற்று மிதமாக இருக்கிற நாளாகப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம். தலைக்கவசம் கட்டாயம். வாரம் இரண்டு நாள் போகிறவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது இல்லை. சொல்லாமலே இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதும் சரியாகப் படவில்லை. பார்க்கலாம்.

*

மே 2

அம்மாடி,

பறந்துட்டேன்.

நேத்து காலையில பத்து மணிக்கு படகுத்துறையிலேர்ந்து எறங்கினேன். மொதல்ல ரெண்டு தடவ விழுந்தேன், அது மரியாதைக்காக. மூணாவது தடவ விங் இழுத்துச்சு, பலகை தடதடன்னு போச்சு, திடீர்னு மேல வந்துடுச்சு. வந்ததும் சத்தம் நின்னுடுச்சு. முப்பத்தோரு வருஷம் முதுகுக்குப் பின்னாடி டிரம்மு சுத்துற சத்தத்தோட வண்டி ஓட்டுனவன் நான். ரிட்டயர் ஆகியும் அது தலைக்குள்ள சுத்திட்டேதான் இருக்கும். அங்க ஒரு சத்தமும் இல்ல. காலுக்கடியில யாரோ மெதுவா பட்டுத் துணியக் கிழிக்கிற மாதிரி, அவ்வளவுதான். நீ சொன்ன ஃபாயில் தங்கம்.

அப்புறம் பாத்தா காத்து செத்துப் போச்சு. இந்த ஏரிக் காத்த நம்பி ஒரு கோழி எறகக் கூடக் குடுக்க முடியாது. நான் பம்ப் ஹவுஸ் பக்கம் நாணலுக்குள்ள போயி ஒதுங்கிட்டேன். கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். ரெண்டு மணி நேரம் இருக்கும். வாத்து ஒண்ணு வந்து பாத்துட்டு, தலைய ஆட்டிட்டுப் போச்சு.

பல்லு டாக்டர்தான் தேடிட்டு கிளப்பு மோட்டார் படகுல வந்தாரு. எப்பவும் "வாயத் தொறங்க"ன்னு சொல்றவரு, நேத்து "வாய மூடிட்டு ஏறுங்க"ன்னாரு. ஏறும்போது என் விங் எகிறிப் போயி அவரு மூக்குக் கண்ணாடியத் தட்டி ஏரியில போட்டுடுச்சு. பாவம், திரும்பி வரும்போது படகுக்கு நான் வழி சொல்லிட்டு வந்தேன்.

முழங்காலுக்குக் கீழ லேசா ஒரு வீக்கம். உங்க அத்தை மூணு போர்வை போத்திட்டு, நாலாவதா திட்டையும் போத்தினா. மத்தபடி சௌக்கியம்.

*

மே 9

மாமா,

காற்று செத்துப்போனது என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வரி தள்ளி அதே காற்று உங்கள் விங்கைத் தூக்கி டாக்டரின் கண்ணாடியைத் தட்டியிருக்கிறது.

படகுத்துறையிலிருந்து பம்ப் ஹவுஸ் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதா? காற்று போகிற பக்கம். காற்றே இல்லாவிட்டால் நீங்கள் விழுந்த இடத்திலேயே மிதந்திருப்பீர்கள். நடந்தது என்ன என்று நான் சொல்கிறேன். நேராகப் போனீர்கள். எதிர்க்கரை வந்துவிட்டது. திரும்பத் தெரியவில்லை, விழுந்தீர்கள். அந்தப் பலகையில் மறுபடி ஏறி நிற்க முடியவில்லை. ஏற ஏற, காற்று உங்களை அடித்துக்கொண்டுபோய் நாணலில் செருகியது. பனிக்குளிர் இன்னும் விடாத மே மாதத் தண்ணீரில் இரண்டு மணி நேரம். உங்கள் உதடு என்ன நிறத்தில் இருந்தது என்று டாக்டரிடம் நான் கேட்டால் சொல்வார்.

இரண்டு பக்கமும் திரும்பத் தெரிந்தவருக்கு இது நடக்காது. வாரத்துக்கு இரண்டு நாள் போகிறவருக்கும் நடக்காது.

அந்தப் பலகையை எழுதிக் கொடுத்தவள் நான். ஒரு லிஃப்ட் விழுந்தால் எல்லாரும் முதலில் தேடுவது உள்ளே ஒட்டியிருக்கும் காகிதத்தைத்தான். கையெழுத்து யாருடையது என்றுதான் பார்ப்பார்கள். பதினோரு வருஷத்தில் என் கையெழுத்துக்குக் கீழே ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. எடையில் பொய் சொல்வீர்கள் என்று தெரியும், அதற்கு இடம் விட்டு எழுதினேன். தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்வீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

ஒரே கேள்வி. இந்த வாட்டிக்கு முன்னால் கடைசியாக எப்போது ஏரியில் இறங்கினீர்கள்? விளையாடாமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுத வேண்டாம்.

*

மே 21

அம்மாடி,

விளையாடாம எழுதச் சொல்லியிருக்க. பழக்கமில்ல, எங்கயாவது வழுக்கிட்டா பொறுத்துக்கோ.

நீ வேன்ல உன் பலகைய ஏத்துன அன்னைக்கு மொத நாள் சாயங்காலம் நாம ரெண்டு பேரும் போனோமே, அதுதான் கடைசி. அதுக்கப்புறம் ஏரிப் பக்கமே போகல. கிளப்புச் சாமானத் தொட்டது கெடையாது. ரெண்டு பக்கமும் திரும்புறது என்ன, ஒரு பக்கமும் எனக்குச் சரியா வராது, அது உனக்கே தெரியும். இத்தன நாள்ல கத்துக்கிட்டிருப்பேன்னு நம்பிட்ட.

ஏன் பொய் சொன்னேன்னா, திரும்பத் தெரியாதுன்னு எழுதியிருந்தா நீ "வகுப்புல சேருங்க"ன்னு ஒரு வரி எழுதி முடிச்சிருப்ப. பலகை வாங்கப் போறவனுக்குத்தான் நாலு லெட்டர் வரும். எனக்குப் பலகை வேண்டியிருந்துச்சு, இல்லன்னு சொல்லல. லெட்டர் அதவிட அதிகமா வேண்டியிருந்துச்சு. உன் கையெழுத்த அதுக்குப் பணயமா வைக்கிறேன்னு எனக்குத் தோணல. நீ எழுதினப்புறம்தான் உறைச்சுது. அது தப்பு. பெரிய தப்பு.

ஆனா இதவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. அத எழுதத்தான் நான் மார்ச்சு மாசம் பேனாவ எடுத்தேன், பலகை லிட்டருன்னு எங்கயோ போயிட்டேன்.

அன்னைக்கு ஏரியிலேர்ந்து வந்தப்புறம் சாப்பாட்டு மேசையில என் பையன் உன்னப் பாத்து ஒரு வார்த்த சொன்னான். "இவ இந்த வீட்டு ஆளே இல்ல, ராத்திரி வந்து தங்கிட்டுப் போற லாட்ஜுக்காரி"ன்னு. உங்க அத்தை அப்ப அவ அக்கா வீட்டுல இருந்தா. மேசையில நாம மூணு பேருதான். நீ அவனப் பாக்கல. என்னப் பாத்த. நான் ஆரஞ்சுப் பழம் உரிச்சுட்டிருந்தேன். தோலு எடுத்தேன், நாரு எடுத்தேன், வெதையும் எடுத்தேன். தலையத் தூக்கவே இல்ல.

என் முட்டி ஆபரேஷனுக்கு எட்டு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில கால மடக்கித் தூங்கினவ யாரு? ரிட்டயர் ஆகி செவுத்தப் பாத்து உக்காந்திருந்தவனத் தரதரன்னு இழுத்துட்டுப் போயி தண்ணியில தள்ளினவ யாரு? லாட்ஜுக்காரியா? "டேய், அப்படிச் சொல்லாதடா"ன்னு அஞ்சாங்கிளாஸ் படிச்சவனுக்குச் சொல்லத் தெரியாதா? ஊரெல்லாம் வாயடிக்கிறவன், லிஃப்டு வாட்ச்மேன்கிட்டக் கூட வம்பு பண்றவன், பேச வேண்டிய ஒரே நாள்ல பேசல. பையன் பக்கம் நிக்காதவன்னு ஆயிடுவேனோன்னு பயந்தேன். கடைசியில யார் பக்கமும் நிக்காதவனா ஆயிட்டேன்.

இதுக்குப் பதில் எழுதணும்னு இல்ல. பலகைய வித்துடவான்னு மட்டும் சொல்லு.

*

ஜூன் 8

மாமா,

ஆரஞ்சு எனக்கும் நினைவிருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டீர்கள். உரித்து முடித்ததும் நான்கு சுளையை எடுத்து மேசை மேல் என் பக்கமாக நகர்த்தி வைத்தீர்கள். நான் கேட்டது ஒரு வார்த்தை, கிடைத்தது நாலு சுளை. அவர் சொன்னதை விட அந்தச் சுளைகளைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் கோபம் வந்தது. தொடாமல் எழுந்து போனேன். அன்று ராத்திரியே வேனுக்குச் சொன்னேன்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஒன்றரை வருஷமாக நான் காத்திருந்தது உங்கள் மகனின் வார்த்தைக்கு இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. எழுதியதற்கு நன்றி. அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியும். ஒரு கேலி கூட இல்லாமல் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

பலகையை விற்க வேண்டாம். ஒரு வருஷம் சுவரில் சாய்த்து வையுங்கள். கிளப்பில் நூற்றுப் பதினைந்து லிட்டர் பலகை ஒன்று இருக்கிறது, மஞ்சள் நிறம், கதவு மாதிரி இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். அதன் மேல் உட்கார்ந்து பேப்பர் கூடப் படிக்கலாம். ஃபாயிலில் முன் இறக்கையை மட்டும் ஆயிரத்து எண்ணூறுக்கு மாற்றுங்கள், அதே மாஸ்டில் பொருந்தும். பெரிய இறக்கை மெதுவாகப் போகும், மெதுவாகவே இறக்கும், காலில் தப்பு செய்தாலும் தாங்கும். விங் அதுவே இருக்கட்டும். நேராகப் போவது வேலையே இல்லை, மாமா. திரும்பி வரத் தெரிய வேண்டும். முதலில் கரையிலிருந்து முப்பது மீட்டருக்குள் திரும்பித் திரும்பிப் பழகுங்கள்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஆகஸ்ட் இருபதாம் தேதி நான் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்கிறேன். அவர் பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடுகிறவர். அதிகம் பேச மாட்டார், ஆனால் பேச வேண்டிய இடத்தில் பேசுவார். அதைப் பார்த்துத்தான் சம்மதித்தேன். பதிவு அலுவலகத்தில் வெறும் கையெழுத்து மட்டும். அவர் பக்கம் அம்மாவும் தங்கையும் சாட்சி. என் பக்கம் இரண்டு பேர் வேண்டும். அப்பா அம்மா இல்லாதவளுக்குப் படிவத்தில் அந்தக் கட்டம் எப்போதும் தகராறுதான். எதிர் மேசைக்காரி வருகிறாள். இன்னொருவருக்குத் தபால் பிரிக்கிறவரைக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

உங்களைக் கூப்பிட முடியாது. உங்கள் வீட்டில் அது என்ன மாதிரி விழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதை மறைத்துவிட்டு உங்களிடம் திருகைப் பற்றியும் இறக்கையைப் பற்றியும் எழுத முடியவில்லை. இதற்குப் பிறகு நீங்கள் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

*

ஜூலை 1

அம்மாடி,

பதில் லேட்டாயிடுச்சுன்னு பயந்திருப்ப. மூணு வேலை முடிக்க வேண்டியிருந்துச்சு, முடிச்சுட்டு எழுதுறேன்.

மொத வேலை, மஞ்சள் கதவு. பேப்பர் படிக்கலாம்னு சொன்னியே, உண்மைதான், நான் பாதித் தூக்கமே போட்டேன். கடைக்காரப் பையன் பெரிய எறக்கைய மாட்டிக் குடுத்துட்டு, "உங்கப்பா எப்படி இருக்காரு?"ன்னு கேட்டான். பையன் தேறிடுவான். பன்னண்டு நாள் கரையோரமாவே திரும்பிப் பழகினேன். கரையில நாய் கூட்டிட்டு வர்ற பொம்பளைங்க எல்லாம் எனக்கு இப்போ பழக்கம். நேத்து எடது பக்கம் விழாம திரும்பினேன். பல்லு டாக்டர் புதுக் கண்ணாடி போட்டுட்டு நின்னாரு, சாட்சி. வலது பக்கம் இன்னும் ஏரிக்குத்தான் சொந்தம்.

ரெண்டாவது வேலை, வீடு. காலையில காபி குடிக்கும்போது என் பையன்கிட்டச் சொன்னேன்.

"நான் அவளுக்கு லெட்டர் எழுதுறேன்டா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"டிராயர்ல ஸ்டாம்பு தீரவே மாட்டேங்குதேன்னு உங்களுக்குத் தோணலையா?"

நான் உங்க அத்தைதான் வாங்கி வைக்கிறான்னு நெனச்சுட்டிருந்தேன். அவ நான் வாங்குறேன்னு நெனச்சிருக்கா. அப்புறம் கல்யாண விஷயத்தச் சொன்னேன். எந்திரிச்சுப் போயி கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினான். அதக் கவுத்து வச்சுட்டு, "நல்லா இருக்கட்டும்"னான். மேசையில அன்னைக்கு அவன் சொன்னத நான் அப்பத்தான் எடுத்தேன். "அது தப்புடா, அன்னைக்கே உன்ன நான் சத்தம் போட்டிருக்கணும்"னேன். "போட்டிருக்கணும்ப்பா"ன்னான். அவ்வளவுதான். போகும்போது, "என்னைப் பத்தி ஒண்ணும் எழுதாதீங்க"ன்னான். நீயும் அதேதான் எழுதியிருக்க. ஆறு வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் ஒத்துப் போன மொத விஷயம் இது. அதனால நான் எழுதல. இந்தப் பத்திய அடிச்சதா வச்சுக்கோ.

மூணாவது வேலை, யோசிக்கிறது. அது எனக்கு நேரமாகும்.

அந்த மாப்ள பஸ் அட்டவணை போடுறவராமே. முப்பத்தோரு வருஷம் ரோட்டுல இருந்தவன் நான், அட்டவணைப்படி வந்த ஒரு பஸ்ஸ இன்னும் பாக்கல. இருவதாம் தேதியாவது நேரத்துக்கு வரச் சொல்லு. பேச வேண்டிய எடத்துல பேசுவாருன்னு எழுதியிருந்த. சந்தோஷம்மா. நெசமாவே சந்தோஷம். செவுத்தப் பாத்துட்டிருந்தவனுக்கு ஏரியக் காட்டினவ நீ. உனக்கு நல்லது நடக்குதுன்னா அதுல எனக்கும் பங்கு உண்டுன்னு நெனைக்கிறேன், நீ குடுத்தாலும் குடுக்காட்டியும்.

இப்போ யோசிச்சு முடிச்சது. தபால் பிரிக்கிறவரு நல்ல மனுசனாத்தான் இருப்பாரு, ஆனா அடுத்தவங்க லெட்டரப் படிக்கிறவர எல்லாம் சாட்சியா வைக்க முடியாது. அந்தக் கட்டத்துல நான் கையெழுத்துப் போடுறேன். நீ கூப்பிடல, நானாத்தான் கேக்குறேன். வீட்டுல எப்படி விழும்னு பயந்த, எப்படி விழுந்துச்சுன்னு மேல எழுதியிருக்கேன், அடிச்சும் இருக்கேன். உங்க அத்தையும் வராளாம். கையெழுத்துப் போட இல்ல, நான் எடம் மாத்திப் போட்டுடாம பாத்துக்க.

வேணாம்னா ஒரு வரி போதும். கோவிச்சுக்க மாட்டேன்.

*

ஜூலை 14

மாமா,

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்துபோய் உங்கள் ஊரிலிருந்து வருகிற எல்லா பஸ்ஸையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தார். இணைத்திருக்கிறேன். முதல் நாள் மத்தியானம் கிளம்புகிற பஸ்ஸுக்கு அடிக்கோடு போட்டிருக்கிறார். அது மட்டும் நேரத்துக்கு வருமாம். இரண்டு பேருக்கும் ஜன்னல் சீட்டு சொல்லியிருக்கிறார். அத்தைக்குப் படுக்க எங்கள் வீட்டில் உள் அறை, உங்களுக்குக் கூடத்துச் சோபா.

ஒரு சிக்கல். சாட்சியின் பெயருக்குப் பக்கத்தில் 'மணமகளுக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. காலியாக விடக் கூடாதாம். நண்பர் என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. குடும்ப நண்பர் என்று எழுதிப் பார்த்தேன், அதைவிடப் பொய். கடைசியில் 'மாமனார்' என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "மாப்பிள்ளையோட அப்பாவா?" என்றாள். இல்லை என்றேன். "அப்போ யாரோட மாமனார்?" என்றாள். "என்னோட" என்றேன். கல்யாணத்தன்று பதிவாளர் இதைக் கட்டாயம் கேட்பார், பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

என்ன சொல்வது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஒன்றும் வரவில்லை.

*

ஜூலை 22

மருமகளே,

நாங்க ரெண்டு பேரும் பத்தொன்பதாம் தேதி மத்தியானப் பஸ்ஸுல ஏறுறோம். உங்க அத்தை இப்பவே பெட்டியக் கட்டிட்டா. நான் ஏதாவது எடுக்கணும்னா அதத் தொறக்க விடமாட்டேங்குறா, நாலு நாளா ஒரே சட்டையில இருக்கேன்.

நீ யோசிச்சு மண்டைய ஒடச்சுக்காத. அந்தப் பதிவாளரு என்ன கேட்டாலும் நீ பதில் சொல்ல வேணாம், கையெழுத்த மட்டும் அழகாப் போடு.

நான் பேசிக்கிறேன்.